அளவுச் சாப்பாடு

என் மாமா கல்யாணச் சமையல் மாஸ்டர். அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி சுற்றுவட்டார மண்டபங்களில் முப்பது வருஷமாகச் சமைக்கிறார். அவர் உப்புப் பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்தே வேடிக்கை பார்த்திருக்கிறேன். கொதிக்கிற சாம்பாரைக் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து இடது உள்ளங்கையில் விட்டுக்கொள்வார். ஊத மாட்டார். நாக்கில் வைத்து, ஒரு விநாடி கண்ணை மூடி, "இன்னும் அரைக் கை" என்பார். அரைக் கை உப்பு விழும். அண்டாவை மூடிவிடுவார்கள். எண்ணூறு பேருக்கான சாம்பார் அந்த ஒரு நக்கலில் முடிவாகிவிடும்.

ஐந்து வருஷம் முன்பு வரை மாமாவின் எடை 118 கிலோ. மூட்டு வலி, படுத்தால் மூச்சுத் திணறல், எல்லைக்கோட்டில் சர்க்கரை. யாரோ சொல்லி மாவுச்சத்தைக் குறைக்க ஆரம்பித்தார். சோறு, இட்லி, தோசை, கிழங்கு, பழச்சாறு, டீக்குச் சர்க்கரை எல்லாம் போயின. பதினான்கு மாதத்தில் 34 கிலோ குறைந்தார். பந்தி ஓய்ந்து பையன்கள் மிச்சச் சோற்றில் வத்தக்குழம்பைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, மாமா ஒரு மூலையில் நாற்காலி போட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். அத்தை கொடுத்தனுப்பிய நாலு முட்டை, ஒரு பிடி கீரை. சைவக் கல்யாணம் என்றால் முட்டைக்குப் பதில் பனீர்.

ஒருநாள் பாத்திரம் கழுவுகிற அக்கா கேட்டார்: "இன்னா மாஸ்டர், நீங்க ஆக்குனத நீங்களே துன்ன மாட்றீங்க. அப்ப எங்களுக்கு மட்டும் இன்னாத்தப் போட்டு வெச்சிருக்கீங்க அதுல?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தான் உண்ணாததைப் பிறருக்கு இடலாமா?

உலகறிந்த ஒரு சமையல்காரரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். இங்கிலாந்தின் டாம் கெர்ரிட்ஜ். 1973இல் பிறந்தவர். 2005இல் மனைவி பெத்துடன் சேர்ந்து, தேம்ஸ் கரையில் உள்ள மார்லோ என்கிற ஊரில் 'ஹேண்ட் அண்ட் ஃப்ளவர்ஸ்' என்ற பப்பை நடத்த ஆரம்பித்தார். பப் என்றால் நாலு பேர் பீர் குடித்துவிட்டு அரட்டை அடிக்கிற இடம். அப்படியோர் இடம் இரண்டு மிஷலின் நட்சத்திரங்களைப் பெற்றது அதுதான் முதல் தடவை. 2010இல் பி.பி.சி.யின் சமையல் போட்டி ஒன்றில் அவர் ஜெயித்த தட்டில், நிதானமாக வேகவைத்த வாத்துக்கறியும் வாத்துக் கொழுப்பிலேயே பொரித்த உருளைக்கிழங்கும் இருந்தன. ஆளும் தட்டைப் போலத்தான் இருந்தார், பெரியவர், தாராளமானவர்.

நாற்பது வயதை ஒட்டி அவருக்குப் பயம் வந்தது. குடியை அடியோடு நிறுத்தினார். மாவுச்சத்தைக் குறைத்தார். நீந்தப் போனார். சில வருஷங்களில் 12 ஸ்டோன் குறைந்தார். நம் கணக்கில் சுமார் 76 கிலோ. ஒரு முழு மனிதனின் எடை. 2017இல் 'டோபமைன் டயட்' என்ற புத்தகம் வந்தது. மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனைத் தூண்டும் உணவுகளை உண்டே மெலியலாம் என்பது அதன் வாதம். எனக்கு அந்தப் பெயரில் வியாபார வாசனைதான் தூக்கலாகத் தெரிகிறது. சாராயமும் சர்க்கரையும் மாவும் போய், புரதமும் காயும் கூடினால் பெரும்பாலானவர்களுக்கு எடை இறங்கத்தான் செய்யும். ஆனால் புத்தகத்தின் சமையல் குறிப்புகளில் பட்டினியின் சாயல் இல்லை. உடம்பு இளைத்தாலும் நாக்கு இளைக்காத ஒருவர் எழுதியவை அவை.

மார்லோவில் கடை மூடப்படவில்லை. கனமான சாப்பாடு ஒரு கையால், மெலிகிற புத்தகம் இன்னொரு கையால். இது இரட்டை வேடமா?

அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. பொய் என்பது ஒருவர் நம்புவதற்கும் சொல்வதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. சமையல்காரர் தட்டை நீட்டும்போது சொல்வது "இது ருசியாக இருக்கிறது" என்பதுதான். "இது உன் கணையத்துக்கு நல்லது" என்று அவர் எப்போதும் சொன்னதில்லை. ருசியைப் பற்றி அவர் சொன்னது உண்மையாக இருக்கும்வரை அவர் தொழில் சுத்தமானதுதான். மாமாவும் உள்ளங்கையில் விட்டு நக்குவதை நிறுத்தவில்லை. முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது நாக்கு என்கிறார்; சர்க்கரையை விட்ட பிறகு வெங்காயம்கூடத் தித்திக்கிறதாம்.

இருந்தாலும் மனம் முழுசாக ஒப்பவில்லை. மார்லோவுக்கும் அம்பத்தூருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மார்லோவில் விருந்தாளி மெனுவைப் படிக்கிறார், தேர்ந்தெடுக்கிறார், காசு கொடுக்கிறார். வாத்துக் கொழுப்பு என்று எழுதியிருப்பதைத் தெரிந்தேதான் கேட்கிறார். கல்யாணப் பந்தியில் அப்படி இல்லை. உட்கார்ந்தவுடன் இலை நிறைகிறது. கையை இலைக்கு மேலே குடை மாதிரி பிடித்துப் "போதும், போதும்" என்றாலும் விரல் இடுக்கில் இரண்டாவது ஜிலேபி விழும். "இன்னா சார், மாப்ள வீட்டுக்காரரு, இவ்ளோதானா?" என்று ஒரு குரல் வரும். மறுப்பது மரியாதைக் குறைவு. வற்புறுத்தாமல் விடுவது அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு. தேர்வு செய்கிற உரிமையை மெல்லப் பிடுங்கிவிட்டுத்தான் நாம் உபசரிக்கிறோம்.

வள்ளுவரிடம் இந்தச் சிக்கல் அருமையாக இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 'மருந்து' என்று ஓர் அதிகாரம், தொண்ணூற்றைந்தாவது. அதில் எந்த மருந்தின் பெயரும் இல்லை. பெரும்பகுதி, செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்பதைப் பற்றித்தான். 'விருந்தோம்பல்' ஒன்பதாவது அதிகாரம். அங்கே விருந்தினருக்கு எவ்வளவு இட வேண்டும் என்ற கணக்கே கிடையாது. அளவு என்பது உண்பவனுக்குச் சொல்லப்பட்டது, இடுபவனுக்கு அல்ல. இரண்டு அதிகாரத்துக்கும் நடுவே எண்பத்தைந்து அதிகாரங்கள். உண்பவனுக்குத் தன் அளவு தெரியாவிட்டால், அல்லது தெரிந்தும் கையை மூட முடியாவிட்டால், கரண்டி பிடித்தவன் என்ன செய்வது? அதை வள்ளுவர் நம்மிடமே விட்டுவிட்டார் போல.

இந்த இடத்தில் சோற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். எங்கள் பாட்டிக்கு அரிசிச் சோறு என்பது தீபாவளி, பொங்கல், யாராவது செத்தால் பதினாறாம் நாள். மற்ற நாட்களில் கேழ்வரகுக் களி, கூழ். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னபோது அது வெறும் பொருளாதார வாக்குறுதியாகவா கேட்டிருக்கும்? நாங்களும் தினம் சோறு தின்போம் என்கிற கௌரவத்தின் வாக்குறுதி அது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசமானது. 2013இல் அம்மா உணவகம் வந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம். பசி என்கிற பழைய எதிரியை இந்த மாநிலம் அரிசியைக் கொண்டுதான் விரட்டியது. அதைக் கேலி பேசுகிற எவரோடும் எனக்குப் பேச்சில்லை.

ஆனால் பசி போன வாசல் வழியாகவே இன்னொன்று உள்ளே வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் டாக்டர் மோகன் குழுவும் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், பெரியவர்களில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4. நம் சாப்பாட்டில் ஆற்றலின் அறுபது சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. பாட்டி களி தின்றுவிட்டு நாள் முழுக்க வயலில் குனிந்தார். பேரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏ.சி.யில் உட்கார்ந்து ஷிப்ட் பார்த்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்து, இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறான்.

பத்து வருஷம் முன்பு தமிழ் ஃபேஸ்புக்கில் பேலியோ பேச்சு பரவியதற்குப் பின்னால் இந்தப் பயம்தான் இருந்தது. நியாண்டர் செல்வனின் கட்டுரைகளும் 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுவும் பல பேரைச் சோற்றிலிருந்து பிரித்தன. காலையில் நூறு பாதாம், வெண்ணெய் போட்ட டீ, நாலு முட்டை என்று அலுவலகங்களில் ஒரு புதிய மடி ஆசாரமே உருவானது. மாமா அந்த வழியாகத்தான் வந்தார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. இளைத்தவர்கள் யாரும் சும்மா இருப்பதில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் கார்ப் கணக்குச் சொன்னார். பாத்திரம் கழுவுகிற அக்காவிடமும் சொன்னார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நூறு பாதாம்னா எவ்ளோ வரும் மாஸ்டர்?" என்றார். நூற்றிருபது கிராம் வரும்; நூறு ரூபாய்க்குப் பக்கம். "ஒரு வேளைக்கா?" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மிச்சச் சோற்றை வாளியில் அழுத்தி மூடிக்கொண்டு கிளம்பினார். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

இங்கேதான் கெர்ரிட்ஜ் மாதிரிக் கதைகளில் எனக்கு உறுத்துகிற ஒன்று தெரிகிறது. நாம் அவற்றை ஒழுக்கக் கதைகளாகவே படிக்கிறோம். குண்டாக இருந்தபோது கட்டுப்பாடு இல்லாதவர், இளைத்தபோது மன உறுதி உள்ளவர். முன்-பின் படங்களில் முதல் படம் பாவம், இரண்டாவது புண்ணியம். கெர்ரிட்ஜின் உழைப்பை நான் குறைக்கவில்லை. தினமும் தன் தொழிலே தன் முன்னால் தட்டில் வந்து நிற்கும்போது விலகி நிற்பது சாதாரணமா என்ன? ஆனால் மன உறுதிக்கும் ஒரு மளிகைக் கடை பில் உண்டு. அந்த அக்காவுக்கு மன உறுதி குறைவு என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை. 2025இல் எடை குறைக்கும் வார ஊசிகள் இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டன. ஊசி போட்டு இளைத்தவருக்குப் புண்ணியம் உண்டா இல்லையா என்று இனி ஒரு பஞ்சாயத்து வேறு நடக்கும்.

தமாஷ் என்னவென்றால், எங்கள் பக்கத்தில் இளைப்பது புண்ணியமாகக்கூட எடுத்துக்கொள்ளப்படவில்லை. மாமா இளைத்த முதல் வருஷம் மூன்று ஆர்டர் போனது. "மாஸ்டருக்கு என்னமோ வியாதியாம்" என்று பேச்சு. பெரிய வயிறுதான் சமையல்காரனின் சர்டிபிகேட். கெர்ரிட்ஜுக்குப் புத்தகம் விற்றது. மாமாவுக்குச் சந்தேகம்தான் கிடைத்தது.

இதைவிட மோசமான ஒன்று எங்கள் வீட்டில் நடந்தது. அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் இருபது வருஷமாக. மாமாவின் பேச்சைக் கேட்டு ஒருநாள் ராத்திரி சோற்றை விட்டார். டாக்டரிடம் சொல்லவில்லை. வழக்கமான மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். அந்த வகை மாத்திரை, வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே எடுக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா தொப்பலாக வேர்த்துப்போய், கை நடுங்கி, அம்மாவைப் பார்த்து யாரோ ஒருத்தரிடம் பேசுவது மாதிரி பேசினார். அம்மாதான் சமயோசிதமாகச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினார். இருபது வருஷமாக ஒளித்து வைத்த அதே சர்க்கரை டப்பா.

விடிந்ததும் மாமா வந்தார். கூடத்தில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "என்னால வந்தது மாமா" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா, "உடு மச்சான், நான்தான் டாக்டர்கிட்ட கேக்கல" என்றார். மாத்திரையைக் குறைக்காமல் மாவுச்சத்தைக் குறைக்கக் கூடாது என்பதைப் பிறகு டாக்டர் விளக்கினார். எளிய விஷயம்தான். ஆனால் ஒரு மனிதர் தன் உடம்பில் கண்ட உண்மையை எல்லா உடம்புக்கும் உண்மை என்று நினைப்பதில் இருக்கிற ஆபத்து அன்றைக்கு எங்கள் கூடத்தில் நின்றது.

அதன் பிறகு மாமா யாருக்கும் டயட் சொல்வதை விட்டார். பதிலாகக் கரண்டியில் கை வைத்தார். பந்தியில் காய்களை முதலில் தாராளமாக வைத்து, சோற்றைக் கடைசியில், கொஞ்சம் சின்னக் கரண்டியில் வைக்கச் சொன்னார். நல்ல எண்ணம்தான். ஒரு பெண் வீட்டுக்காரர் சமையல் கட்டுக்கே வந்து கத்தினார்: "சோறு போட ஆள் இல்லயா, இல்ல அரிசி பத்தலயா? மானம் போவுதுய்யா." மாமா பழைய கரண்டிக்கே திரும்பினார்.

அப்பாவின் இலையில் மட்டும் திரும்பவில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணம், கரையான்சாவடிப் பக்கம். அப்பாவுக்கு மாமாவே வந்து பரிமாறினார். காய் எல்லாம் மலை மாதிரி. சோறு ஒரு எலுமிச்சம்பழ அளவு. பாயசக்காரன் வரும்போது மாமா கண்ணைக் காட்டினார். அவன் அப்பாவைத் தாண்டிப் போய்விட்டான். பக்கத்து இலையில் சோறு ஆவி பறக்கக் குவிந்திருந்தது. அப்பா கொஞ்ச நேரம் இரண்டு இலையையும் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏன் மச்சான், நான் மட்டும் இன்னா, வேற சாதியா?" என்றார்.

அந்தப் பேச்சு ஏன் அவ்வளவு சுருக்கென்று தைத்தது என்று யோசித்தபோது பூந்தமல்லிக்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். திருக்கச்சி நம்பி. அந்த ஊர்க் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதியே உண்டு. ராமானுஜர் அவரைத் தன் குருவாக நினைத்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று வீட்டுக்கு அழைத்த கதை வைணவர்களுக்குத் தெரியும். ராமானுஜர் அவரை அழைத்துவர ஒரு தெரு வழியாகப் போக, நம்பி வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார். தஞ்சமாம்பாள் அவருக்குச் சாப்பாடு போட்டார். குறை வைக்கவில்லை. ஆனால் அவர் போனதும் மிச்சத்தை அப்புறப்படுத்தி, இடத்தைச் சுத்தம் செய்து, குளித்துவிட்டார். நம்பி பிராமணர் இல்லை. இலையில் இட்டது சரியாக இருந்தது. இலையைச் சுற்றி நடந்ததில்தான் எல்லாம் பிசகியது.

நம் ஊரில் இலை என்பது வெறும் தட்டு அல்ல. எவ்வளவு விழுகிறது, யாருக்கு முன்னால் விழுகிறது, எந்தப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள் என்பதெல்லாம் பல தலைமுறைகளுக்கு மனிதனின் மதிப்பாகவே இருந்திருக்கிறது. குறைத்து இடுவதற்கு அக்கறை என்று பெயர் வைத்தாலும், குறைத்து இடப்பட்டவனின் உடம்பு அதை வேறு மொழியில்தான் படிக்கும். ஓட்டலில் 'அளவுச் சாப்பாடு' என்று போர்டு இருக்கும். அதைக் கேட்டு வாங்குகிறவனுக்கு அதில் அவமானம் இல்லை; அவன் கேட்டது. கேட்காதவனுக்கு அளவுச் சாப்பாடு போட்டால் அது தண்டனை.

அப்படியென்றால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா, கணையம் போகட்டும் என்று? அதுவும் இல்லை. தெரிந்தே வற்புறுத்துவது, என்னைப் பொறுத்தவரை, அன்பின் பெயரால் நாம் செய்கிற ஒரு சின்ன வன்முறை. கையைக் குடையாகப் பிடித்தவன் இலையில் இரண்டாவது ஜிலேபியைத் தள்ளுவதும், கேட்பவனுக்குச் சோற்றை மறுப்பதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்களாகத்தான் எனக்குப் படுகின்றன. இரண்டிலும் அளவு உண்பவனின் கையிலிருந்து போய்விடுகிறது. இதை மாமாவிடம் சொன்னேன். "உனக்கென்ன மாப்ள, எழுதிட்டுப் போயிடுவ. கரண்டி என் கையில இருக்குது" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

போன தை மாதம் திருநின்றவூரில் ஒரு கிரகப்பிரவேசம். நூறு பேர்தான். கடைசிப் பந்தியில் அப்பா உட்கார்ந்தார். மாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, யாரும் எதிர்பார்க்காமல், அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் மாஸ்டர் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பையன்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமா இலையில் காய் மட்டும் வாங்கிக்கொண்டார். சோறு வந்தபோது கையைக் குடையாகப் பிடித்தார். பையன் மாமாவைத் தாண்டி அப்பாவிடம் வந்து நின்றான். அப்பா மாமாவின் இலையைப் பார்த்தார். பிறகு பையனிடம், "பாதி வைப்பா" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் தன் அப்பளத்தை எடுத்து மாமாவின் இலையில் வைத்தார்.

"இதாவது சாப்டு. இதுல கார்ப் இருக்குதா?"

மாமா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உளுந்துதான்... ஒரு நாலு கிராம் இருக்கும் மாமா" என்றார். பிறகு நொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ஒரு விநாடி கண்ணை மூடினார்.

"உப்பு தூக்கல்" என்றார்.